தாங்ஷெங்கின் முதுகு

தாமரைக்கிழங்கு தோண்டுகிறவனுக்கு முதுகு என்பது உடம்போடு ஒட்டாத தனிப் பிறவி. கையும் காலும் வயிறும் வீட்டுக்கு வந்து சூடாக எதையாவது தின்றால் அடங்கிவிடும். முதுகு மட்டும் அடங்காது. ஏரிக்கரைச் சந்தைத் தெருவில் சாய்யூன் வீட்டு அடுப்பு எரிந்ததே அப்படி அடங்காத முதுகுகளால்தான்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய வைத்திய அறை. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, அலமாரி நிறையக் குண்டுக் கண்ணாடிக் குவளைகள். வலித்த இடத்துக்குச் சூடு காட்ட மாசிபத்திரி இலைச் சுருட்டைக் கொளுத்திக் கொளுத்தி மேலே உத்தரம் கறுத்துப் போயிருந்தது. அந்தப் புகைக்குப் புது ஆட்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கிழங்கு தோண்டுகிறவர்களுக்கோ அது நாசியில் ஏறினாலே பாதி வலி போய்விடும். சாய்யூன் மாவட்டச் சுகாதாரப் பள்ளியில் படித்தவள். ஊர் மருந்தகத்தில் சில வருஷம், மருந்து ஏற்றாத மெல்லிய வெற்றூசியை நரம்பு பார்த்துக் குத்திக் கை பழகிய பிறகுதான் இந்த அறையைத் திறந்தாள். தோளே தூக்க முடியாமல் சோற்றை இடக்கையால் தின்றுகொண்டிருந்த கெங் அண்ணன், அவள் குத்திய ஊசிக்குப் பிறகு வலக்கையால் சாராயப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். அது பொய்யில்லை. தெருவே பார்த்தது.

பனிக்காலம் வந்தால் ஏரி சுருங்கிக் குட்டை குட்டையாகக் கிடக்கும். ஆட்கள் மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்குவார்கள். பம்பிலிருந்து வரும் குழாயைச் சேற்றுக்குள் விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி, காலால் துழாவி, குனிந்து, இரண்டு கையாலும் கிழங்கைத் தூக்க வேண்டும். தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தூக்குகிற மாதிரி. கணு முறிந்தால் துளைக்குள் சேறு புகுந்துவிடும். வியாபாரி காலால் ஒதுக்கிவிடுவான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அந்தக் குனிதல்தான். ஏரிக்காற்று ஈரத்துணி போல முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்திக்கு ஒவ்வொருவராக வந்து குப்புற விழுவார்கள். சாய்யூன் சாராயத்தில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, குவளைக்குள் ஒரு சுழற்று சுழற்றி எடுத்துவிட்டு, முதுகில் பட்டென்று கவிழ்ப்பாள். குவளை சதையைக் கவ்வும். எடுத்தபின் வட்ட வட்டமாகச் சிவந்த தடம் நிற்கும்.

"எப்படி அண்ணி? கறுத்திருக்கா?" என்று எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"கறுத்திருக்கு. உள்ள இருந்த ஈரம் அத்தனையும் வெளிய வந்துருச்சு" என்பாள் அவள்.

தடம் என்பது தோலுக்கடியில் சிறு நாளங்கள் உடைந்து கசிந்த ரத்தம்தான் என்று பள்ளியில் படித்திருந்தாள். வலி குறைவதும் நிஜம், சதை இளகுவதும் நிஜம். ஈரம் என்பது பேச்சு. ஆனால் நாளங்கள், கசிவு என்றெல்லாம் சொன்னால் கட்டிலில் கிடக்கிறவன் முகம் சுருங்கும். ஈரம் போச்சு என்றால் மலரும். வாய்க்கு இதமான பேச்சைச் சொல்லிச் சொல்லி, அதுவே அந்தத் தெருவில் வேதமாகிவிட்டது.

அவள் புருஷன் தாங்ஷெங்கும் கிழங்கு தோண்டுகிறவன்தான். குட்டைக் கரையில் பிரசவம் ஆனதால் குட்டையில் பிறந்தவன் என்று பொருள்படவே அந்தப் பேரை வைத்திருந்தார்கள். எருமை மாதிரி உடம்பு. பெண்டாட்டியின் கட்டிலில் அவன் படுத்ததே இல்லை. "வீட்டுக் கஞ்சிக்கு வரிசைல நிக்கணுமா?" என்பான்.

அந்த வருஷம் பன்னிரண்டாம் மாதம், புத்தாண்டு நெருங்குகிற சமயம், அவன் தானாகவே வந்து படுத்தான்.

"என்னமோ உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, சாய்யூன். நாலு குவளை வையி."

வைத்தாள். மற்றவர்களுக்கு வைப்பதைவிட இலேசாகத்தான் வைத்தாள். அடுத்த கட்டிலில் கிடந்த குள்ள லு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யம்மாடி!" என்றான். குவளைக்குள் சதை நாவற்பழ நிறத்தில் உப்பிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு நேரமாகி வருகிற நிறம் இவனுக்குக் கவிழ்த்த கையோடு வந்துவிட்டது.

"ஏரியே இவனுக்குள்ளதான் இருக்கு! நாமெல்லாம் வெறும் சேத்தைத் தோண்டிக்கிட்டு இருந்துருக்கோம்" என்றான் லு.

எல்லாரும் சிரித்தார்கள். தாங்ஷெங்கும் தலையணைக்குள் சிரித்தான். சாய்யூனுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. அன்று அவன் நன்றாகத் தூங்கவும் செய்தான்.

தடங்கள் வாரத்தில் மஞ்சளாகி மறைய வேண்டும். மறையவில்லை. குளிக்கிறபோது முதுகு தேய்க்கப் போனவள் பார்த்தாள்: வட்டங்கள் அப்படியே கறுத்துக் கிடந்தன, ஓரங்கள் வழிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. கெண்டைக்காலில் கொசு கடித்த மாதிரி பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளி. பனிக்காலத்தில் ஏது கொசு? முழங்கால் வலிக்கிறது என்றானே என்று ஒரு ஊசி குத்தி எடுத்தாள். எடுத்த இடத்தில் ரத்தம் ஒரு மணி திரண்டது. துடைத்தாள். மறுபடி திரண்டது. பஞ்சை வைத்து அழுத்தினாள்; பஞ்சு நனைந்தது. வேறு பஞ்சு எடுத்தாள். அத்தனை வருஷம் அத்தனை பேருக்குக் குத்தியிருக்கிறாள், ஊசித்துளை இப்படி நிற்காமல் கசிந்து அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவன் கடித்து வைத்த, ஆவியில் வெந்த ரொட்டியில் பல் பதிந்த இடம் சிவப்பாக இருந்தது.

"வாயைத் தொற" என்றாள். ஈறு முழுக்க ரத்தம் கட்டியிருந்தது.

"உள்சூடு. பூண்டு ஊறுகாய் அதிகமாத் தின்னுட்டேன்."

"தாங்ஷெங், இது ஈரமும் இல்ல, சூடும் இல்ல. ரத்தத்துல ஏதோ கோளாறு. இன்னைக்கே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதிச்சுட்டு வந்துருவோம்."

அவன் எள்விழுது நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே சிரித்தான். "புத்தாண்டுக்கு முன்னாடி எவனாவது குட்டையை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவானா? ஊர் பூரா கிழங்கு சூப்புக்குக் காத்துக்கிட்டு இருக்கு. வருஷம் பொறக்கட்டும், போலாம்."

"வருஷம் பொறக்குற வரைக்கும் தாங்காது."

"ஏன், நீதான் குவளை வையேன். அன்னைக்கு வச்சதுக்கு எப்படித் தூங்குனேன்!"

"இனிமே உன் உடம்புல குவளையும் வைக்க மாட்டேன், ஊசியும் குத்த மாட்டேன்."

அவன் சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் தடம் கறுத்தா நோய் போகுதுன்னு சொல்ற. எனக்குக் கறுத்தா மட்டும் நோய் வருதா? எந்தப் பேச்சு பொய்யி? அவங்களுக்குச் சொல்றதா, எனக்குச் சொல்றதா?"

 பதிலுக்குக் காத்திராமல் அவன் ரப்பர் உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

தாங்ஷெங்கின் அக்கா குய்சியாங் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவளிடம் ஒரு எருமைக்கொம்புத் தகடு உண்டு. எண்ணெயைத் தடவி அந்தத் தகட்டால் முதுகைச் சுரண்டிச் சுரண்டிச் செந்தடம் எழுப்புவது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்றாலும், குய்சியாங் தன்னைவிடக் கைராசி யாருக்கும் இல்லை என்று நம்புகிறவள். சாய்யூன் ஓடிப்போய் அவளிடம்தான் சொன்னாள். அக்கா சொன்னால் தம்பி கேட்பான்.

குய்சியாங் வாசலில் உப்பிட்ட மீன்களை மூங்கிலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியா? எதுக்கு?"

"தடம் மறையல அக்கா. ஈறுல ரத்தம் வருது. கால்ல புள்ளி புள்ளியா இருக்கு."

"அதான் வெளிய வருதுல்ல. உள்ள இருந்தாத்தானே பயப்படணும்?"

"அக்கா, வெளிய வர்றது நோய் இல்ல, ரத்தம்."

"இங்க பாரு சாய்யூன்." அவள் மீனைக் கீழே வைத்தாள். "உப்பு விக்கிறவ உப்பு கரிக்குதுன்னு சொல்லலாமா? உன் தொழிலையே நீ நம்பலன்னா ஊர்ல எவன் நம்புவான்? பள்ளிக்கூடம் படிச்சதுல உனக்குப் பயம்தான் அதிகமாயிருக்கு."

அன்று சாயங்காலம் தாங்ஷெங் நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். சட்டையைக் கழற்றிக் காட்டினான். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் இருபுறமும் கத்தரிக்காய்ப் பட்டை மாதிரி ஊதாக் கோடுகள்.

"அக்கா தகட்டை அழுத்தவே இல்லையாம். தொட்டாலே வந்துச்சாம். நம்ம பரம்பரையிலயே இவ்வளவு வந்ததில்லன்னு சொல்லுச்சு" என்றான். சொல்லும்போது அவன் உதடு வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கினான். "உடம்பு எப்படி லேசாயிருச்சு தெரியுமா!"

அதுதான் சாய்யூனைக் கொன்றது. லேசாகத்தான் ஆகியிருக்கும். சுரண்டினால் வலி அடங்கும், சதை இளகும், தூக்கம் வரும். அவன் பொய் சொல்லவில்லை. வலி போய்விட்டால் மனிதன் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவான்?

சூப்புப் பானையை இறக்கி வைத்தாள். விலா எலும்போடு வெந்த கிழங்கு நூல் நூலாக இழைந்தது. அவன் நாலு வாய்க்குமேல் உண்ணவில்லை. குளிர்காய வைத்த நெருப்புக் கூடைக்கு மேலே போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். மூக்கிலிருந்து ஒரு செந்நூல் இறங்கி மேலுதட்டில் காய்ந்திருந்தது. அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொன்னால் புரிய மாட்டேனென்கிறான். காட்டினால்?

மறுநாள் அந்திக்கு ஆட்கள் வந்ததும் சாய்யூன் கண்ணாடிக் குவளைகளை எடுக்கவில்லை. கைப்பம்பு வைத்துக் காற்றை இழுக்கிற பிளாஸ்டிக் குவளைகளை எடுத்தாள். நெருப்பு வைத்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். பம்பில் ஆளுக்கு ஆள் ஒரே இழுப்பு.

"கெங் அண்ணே, லு, ரெண்டு பேரும் படுங்க. தாங்ஷெங், இங்க வந்து உட்காரு. மூணு பேருக்கும் ஆளுக்கொரு குவளை. ஒரே மாதிரி இழுத்து, ஒண்ணா எடுக்கப்போறேன். எல்லாரும் கண்ணால பாருங்க."

"என்ன அண்ணி, பரிட்சையா?" என்றான் லு.

"பரிட்சைதான்."

தாங்ஷெங்குக்கு மட்டும் பாதி இழுப்புதான் இழுத்தாள்.  அடுப்பங்கரையில் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, எடுத்தாள். கெங் அண்ணனுக்கு இளஞ்சிவப்பு, பார்க்கப் பார்க்கவே மங்கியது. லுவுக்கு முள்ளங்கிச் சிவப்பு. தாங்ஷெங்கின் தோளில் மைப்புட்டி கவிழ்ந்த மாதிரி ஒரு கறுப்பு வட்டம். நடுவில் தோல் கொப்புளம் தட்டியிருந்தது.

"பார்த்தீங்களா? ஒரே குட்டையில இறங்கறீங்க. ஒரே சேறு, ஒரே குளிரு. இவனுக்குப் பாதிதான் இழுத்தேன். ஈரம்னா மூணு பேருக்கும் ஒண்ணாத்தானே வரணும்? இவனுக்கு மட்டும் ஏன் இப்படி? சொல்லுங்க!"

எல்லாரும் கழுத்தை நீட்டி அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார்கள். சாய்யூனுக்கு நெஞ்சில் நம்பிக்கை துளிர்த்தது.

கெங் அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான்தான் சொன்னேனே. குட்டையில நடுப்பள்ளம் எப்பவும் தாங்ஷெங்குக்குத்தான். ஆழமான எடம். அங்கதான் ஈரம் ஜாஸ்தி."

"அதே! தாங்ஷெங்தான் ஜெயிச்சான்!" என்று லு கட்டிலிலிருந்து குதித்தான். "கெங் அண்ணே, உங்க முதுகைப் பாருங்க, பொண்ணு கன்னம் மாதிரி இருக்கு. நீங்க கரையில நின்னு வேடிக்கைதான் பார்த்துருக்கீங்க. சாராயம் உங்க செலவு!"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. இன்னும் இரண்டு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு, "எங்களுக்கும் வையுங்க அண்ணி, யாரு முதுகு கறுக்குதுன்னு பார்த்துருவோம்" என்று முன்னே வந்தார்கள். தாங்ஷெங் மைத்தடத்தோடு நடுவில் உட்கார்ந்து, பரிசு வாங்கியவன் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பல்லிடுக்கெல்லாம் சிவப்பு.

சாய்யூன் பம்பைத் தரையில் போட்டாள். "வெளிய போங்க எல்லாரும்!"

யாரும் அவள் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. சட்டைகளைப் பொத்தான் போடாமலே நழுவினார்கள். போகிற போக்கில் லு, "அண்ணிக்கும் ஒரு குவளை வைக்கணும் போல, உள்சூடு" என்றது காதில் விழுந்தது.

அடுத்த நாள் முன்னறைப் பலகைக் கதவுகள் திறக்கவில்லை. அந்திக்கு வந்தவர்கள், சாய்யூன் மூடிய கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணி, பஞ்சு தீர்ந்துபோச்சா?"

"பஞ்சு இருக்கு. குவளை கிடையாது."

"ஊசி?"

"ஊசியும் கிடையாது, புகையும் கிடையாது. தாங்ஷெங் மாவட்ட ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துட்டு வர்ற வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தன் முதுகுலயும் நான் கை வைக்க மாட்டேன்."

சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தார்கள். மறுநாளும் கதவு திறக்கவில்லை. கெங் அண்ணனின் தோள் மறுபடி இறுகத் தொடங்கியது. அவர் குய்சியாங்கிடம் போனார். அவள் கொம்புத் தகட்டை வைத்துச் சுரண்டிய சுரண்டலில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். புத்தாண்டு நெருங்க நெருங்க வியாபாரிகள் லாரியைக் கரையிலேயே நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்தினார்கள். குனிந்தவன் நிமிர முடியவில்லை. காலையில் செருப்பு மாட்டக் குனிந்த லு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

தாங்ஷெங் வீட்டில் பேச்சை நிறுத்தியிருந்தான்.

"ஊர் முன்னாடி என்னை நோயாளின்னு தம்பட்டம் அடிச்சுட்ட" என்றான் ஒருநாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

"நோயாளிதான் நீ."

"நேத்து எவ்வளவு கிழங்கு எடுத்தேன்னு கேட்டுப் பாரு."

"நடுவுல எத்தனை தடவை கரையேறி உட்கார்ந்தன்னும் கேட்டேன்."

"எவன் சொன்னான்?"

"எல்லாரும்தான். கண்ணு இருக்குல்ல அவங்களுக்கு."

அவன் எழுந்து போனான். வாசற்படியில் கால் இடறி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்த கையில் அழுத்தம் பட்ட இடமெல்லாம் சற்றைக்கெல்லாம் நீலம் பூத்தது. போய் இழுத்துக்கொண்டு வரலாமா என்று அவளுக்குத் தோன்றியது. இழுத்தால் இழுத்த இடமும் கறுக்கும். அவனைத் தொடவே பயமாக இருந்தது. ஊரில் அத்தனை பேர் உடம்பிலும் கை வைத்துப் பிழைத்தவளுக்குத் தன் புருஷன் உடம்பில் கை வைக்கப் பயம். மீனைத் தேய்த்த உப்பு விரல் வெடிப்பில் எரிந்தது. அந்த எரிச்சலையே சாக்காக வைத்துக்கொண்டு அழுதாள்.

கடைசியில் அவனை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றியது அவள் பேச்சும் இல்லை, அவன் பயமும் இல்லை. ஒரு காலை, கிழங்கு ஏற்றிய லாரி கிளம்புகிற நேரம், கெங் அண்ணனும் லுவும் இன்னும் இரண்டு பேரும் குட்டைக்கரையில் அவனை வளைத்துக்கொண்டார்கள்.

"ஏறுடா" என்றார் கெங் அண்ணன்.

"என்னண்ணே இது?"

"உன் ஒரு முதுகுக்காக எங்க எல்லார் முதுகும் ஏன் சாகணும்? போயி ஒரு சொட்டு ரத்தம் குடுத்துட்டு வா. உன் பொண்டாட்டி கதவைத் தொறக்கட்டும்."

"அவ சும்மா பிடிவாதம் பிடிக்கிறா."

"பிடிவாதம்தான். அவ பிடிவாதம் பெருசா, உன் பிடிவாதம் பெருசான்னு பார்க்க எங்களுக்கு இடுப்பு இல்ல. ஏறு!"

லு அவன் ரப்பர் உடுப்பை அவிழ்த்து வாங்கிக்கொண்டான். சாய்யூனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் மீன்கை கழுவாமல் ஓடிவந்து ஏறினாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியதற்கு இல்லாத மதிப்பு வெறும் குவளைக்கு இருந்ததே என்றுதான் ஆத்திரமாக வந்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த பெண், முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நடந்து வந்தவனைப் படுக்க வைத்து, அசையாதே என்றார்கள். அன்றே பெருநகர ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியது.

அங்கே டாக்டர் ஓர் இளம்பெண். தாங்ஷெங்கின் சட்டையைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"யாரு இந்த முதுகை இப்படிப் பண்ணது?"

தாங்ஷெங் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ரத்தத்துல புற்று. இந்த வகையில ரத்தம் உறையாது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா மூளைக்குள்ள கசிஞ்சிருக்கும். இந்த நெலமைல இருக்கற ஒருத்தருக்குக் குவளை வச்சிருக்காங்க, சுரண்டியிருக்காங்க, ஊசி கூடக் குத்தியிருக்காங்க. யாரு?" அவள் சாய்யூனைப் பார்த்தாள். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"குவளை வைக்கிறேன். ஊசி குத்துறேன்."

டாக்டரின் உதடு இறுகியது. நான்தான் வேண்டாம் என்றேன், நான்தான் கதவை அடைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள் சாய்யூன். முதல் தடவை வைத்தது யார் என்ற நினைப்பு வந்து வாயை மூடிவிட்டது. ஊரில் நம்பிக்கை இல்லாதவள் என்று பேர். இங்கே மூடநம்பிக்கைக்காரி என்று பேர். நடுவில் நிற்கிறவளுக்கு எங்கும் முக்காலி போடுவதில்லை.

"பொழைப்பாரா?" என்றாள்.

"இது மருந்துக்குக் கேக்கற வகை. முதல் கட்டம் தாண்டணும். தாண்டினா நிறையப் பேரு நல்லாவே ஆயிடறாங்க."

சொட்டுச் சொட்டாக மருந்து ஏறத் தொடங்கிய பிறகு குய்சியாங் வந்து சேர்ந்தாள். பையில் அவித்த முட்டை, உப்பு மீன், பேரீச்சை. தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, தொங்குகிற புட்டியைக் காட்டி டாக்டரிடம் கேட்டாள்: "இதுல என்ன இருக்கும்மா?"

"ரெண்டு மருந்து குடுக்கறோம். ஒண்ணு மாத்திரை. இது பாஷாணம்."

"வெள்ளைப் பாஷாணமா? எலிக்கு வைக்கிறது?"

"அதேதான். பழைய வைத்தியர்கள் சரக்குல இருந்ததுதான். அதைச் சுத்தம் பண்ணி, எந்த நோய்க்கு எவ்வளவுன்னு வருஷக்கணக்கா அளந்து பார்த்துத்தான் இப்படிப் புட்டிக்குள்ள வந்துருக்கு. அளக்காமக் குடுத்தா எலிக்கும் மனுஷனுக்கும் ஒரே கதிதான்."

குய்சியாங் காதில் முதல் பாதிதான் ஏறியது. சாய்யூன் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஈரம் காயவில்லை, ஆனால் முகத்தில் வெளிச்சம்.

"கேட்டியா? நம்ம பழைய மருந்துதான்! இதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?"

"அக்கா, அவங்க சொன்னதை முழுசாக் கேட்டீங்களா?"

"எல்லாம் கேட்டேன். இன்னொண்ணு சொல்றேன் கேளு. நான் சுரண்டலன்னா, நீ குவளை வைக்கலன்னா, உள்ள இருந்த இந்த நோயி யாரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்? தடம் வந்ததாலதானே தெரிஞ்சுது? வெளிய கொண்டாந்தது யாரு? என் கொம்புத் தகடு!"

  அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் சாய்யூனுக்கு முதலில் சந்தேகம் வந்தது. அதை எப்படி இல்லை என்பது? இத்தனை நாளில் குய்சியாங் சொன்னதிலேயே உண்மைக்குப் பக்கத்தில் வந்த பேச்சு அது ஒன்றுதான். அதுவும் தலைகீழாக நின்றது. எந்தப் பக்கம் பிடித்து அதை நிமிர்த்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் தாங்ஷெங் எழுந்து உட்கார்ந்து, வாந்தி எடுக்கக் கிண்ணத்துக்குக் கை நீட்டினான். மருந்து ஏறியதிலிருந்தே குமட்டல். குமட்டலுக்கென்று கொடுத்த மாத்திரையும் வெளியே வந்துவிட்டது. ஓங்கரிக்க ஓங்கரிக்கக் கண்ணில் ரத்த நாளம் புடைத்தது. அப்படி முக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள்.

"சாய்யூன்" என்றான் மூச்சுக்கு நடுவில். "அந்த மணிக்கட்டு... கெங் அண்ணனுக்குப் படகுல வாந்தி வந்தப்ப அழுத்துனியே."

அவள் டாக்டரைப் பார்த்தாள். "ஊசி இல்ல. விரலால மட்டும். மெதுவா."

டாக்டர் ஒரு கணம் யோசித்தாள். "அழுத்தமாப் பிடிக்காதீங்க. தோல் நெறம் மாறினா உடனே விட்டுடணும்." சொல்லிவிட்டு, இன்னும் மெல்ல, "குமட்டலுக்குச் சில பேருக்குக் கேக்கும்" என்றாள். போகாமல் நின்று பார்த்தாள்.

மணிக்கட்டின் உள்பக்கம், ரேகையிலிருந்து சற்று மேலே, இரண்டு நரம்புக்கு நடுவே சாய்யூன் கட்டைவிரலை வைத்தாள். தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரிதான் வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனைத் தொடுகிறாள். தோல் அனலாக இருந்தது. விரலைச் சிறு வட்டமாகச் சுழற்றினாள். ஓங்கரிப்பு ஒன்று வந்து பாதியில் நின்றது. இன்னொன்று வரவில்லை. அவன் தலையணையில் சாய்ந்தான். மூச்சு சீரானது. குய்சியாங் அவசரமாக ஒரு முட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.

தாங்ஷெங் கண்ணைத் திறக்காமல் சிரித்தான்.

"பார்த்தியா, கேக்குதுல்ல? உன் கையிலேயே இவ்வளவு மருந்து இருக்கு. இதை விட்டுட்டு என்னை இங்க இழுத்துட்டு வந்துட்டியே."

சாய்யூனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அந்தக் கையை உதறி எறிந்துவிட்டு வராந்தாவில் போய் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. விரலை எடுத்தால் வாந்தி வரும். எடுக்காமல் இருந்தால் அவன் பேச்சு ஜெயித்துவிடும்.

"இது வாந்திக்கு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வாந்திக்கு மட்டும்தான்."

"சரி சரி" என்றான் அவன், சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரி. தூங்கிப்போனான்.

தலைக்குமேல் புட்டியிலிருந்து பாஷாணம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.